வேருக்குள் இருப்பதை எண்ணுவது யார்?

நிலக்கடலைச் செடியை ஈர மண்ணிலிருந்து மெல்லப் பிடுங்கி, வாளித் தண்ணீரில் அலசி, வெள்ளைத் தாளின் மேல் வைத்தால் மூன்றாம் வகுப்புக் குழந்தைகூட வேர்முடிச்சுகளைக் காட்டிவிடும். ஒரு முடிச்சை நகத்தால் கீறிப் பார்த்தால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். ரைசோபியம் என்று பெயரைச் சொல்லிவிட்டால் பாடம் முடிந்தது. ஆனால் அதே வேருக்குள் இன்னொரு கூட்டாளியும் குடியிருக்கிறது. நிலக்கடலையில் மட்டுமல்ல, சோளம், மக்காச்சோளம், வெங்காயம், தக்காளி என்று நிலத்தாவர இனங்களில் பெரும்பாலானவற்றின் வேரில் அது உண்டு. வெறுங்கண்ணுக்கும் தெரியாது, கைலென்சுக்கும் தெரியாது. பாடநூலில் 'மைக்கோரைசா' என்று ஓரிரு வரி வரும். லைக்கனோடு சேர்த்து, கூட்டுயிர் வாழ்க்கைக்கு ஓர் எடுத்துக்காட்டு என்று சொல்லி, ஒரு மதிப்பெண் வினாவாக்கி நகர்ந்துவிடுகிறோம்.

அந்த ஓரிரு வரியை எட்டு, ஒன்பதாம் வகுப்புகளில் சற்று விரித்து நடத்திப் பார்த்தேன். அறிவியல் பாடமாகத் தொடங்கியது கணக்குப் பாடமாகி, கடைசியில் செயற்கை நுண்ணறிவுப் பாடமாக முடிந்தது. கணினிக்குப் பார்க்கக் கற்றுக்கொடுப்பது எப்படி என்பதை விளக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை. முகம் அறியும் கேமராவை வைத்துச் சொன்னால் பிள்ளைகள் அதை மாயம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். வேரை வைத்துச் சொன்னால் கேள்வி கேட்கிறார்கள்.

கண்ணுக்குத் தெரியாத கூட்டாளி

மைக்கோரைசா என்ற சொல்லை 1885இல் உருவாக்கியவர் ஜெர்மானியத் தாவரவியலாளர் ஏ.பி. ஃபிராங்க். கிரேக்க மொழியில் பூஞ்சை, வேர் என்ற இரு சொற்களைச் சேர்த்து வைத்த பெயர் அது. வேருக்கு வெளியே உறைபோலச் சூழ்ந்துகொள்ளும் வகை, வேரின் செல்லுக்குள்ளேயே புகும் வகை என இதில் பல உண்டு. பயிர்களில் நாம் காண்பது பெரும்பாலும் உள்ளே புகும் வகைதான். ஆர்பஸ்குலர் மைக்கோரைசா என்பார்கள். நம் ஊர் விவசாயிகள் 'வேம்' என்று பெயர் சொல்லிப் பொட்டலமாக வாங்குவதும், வேளாண்மைக் கையேடுகளில் 'வேர் உட்பூசணம்' என்று அச்சாவதும் இதுவே.

வேரின் மேல் ஒட்டிய பூஞ்சை இழை தோலைத் துளைத்து உள்ளே போகிறது. புறணிப் பகுதியின் செல்களுக்குள் சென்று, சின்ன மரம்போலக் கிளைத்துக் கிளைத்து விரிகிறது. அதன் பெயரே 'சிறுமரம்' என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்த ஆர்பஸ்கியூல். பண்டமாற்று நடக்கும் இடம் அது. செடி சர்க்கரையும் கொழுப்பும் தருகிறது. பூஞ்சை பாஸ்பேட்டைத் தருகிறது. அந்தச் சிறுமரத்தின் ஆயுள் சில நாள்கள்தான். பிறகு சிதைந்துபோகும், வேறொரு செல்லில் புதிது முளைக்கும். இவை தவிர, கொழுப்பைச் சேமித்து வைக்கும் பை போன்ற வெசிக்கிள்களையும் பல இனங்கள் உண்டாக்குகின்றன.

செடிக்கு இந்த உதவி ஏன் தேவை என்பதை மாணவர்களுக்கு விளக்க ஒரு வழி இருக்கிறது. நைட்ரேட் மண்நீரில் எளிதாக நகரும். பாஸ்பேட் அப்படியல்ல, மண்துகளோடு ஒட்டிக்கொண்டு கிடக்கும். வேர் தன்னைச் சுற்றி ஓரிரு மில்லிமீட்டர் அளவில் இருக்கும் பாஸ்பேட்டை உறிஞ்சிவிட்டால், அதற்கப்பால் இருப்பது தானாக அருகில் வராது. வேர்த்தூவியைவிட மெல்லிய பூஞ்சை இழையோ அந்த வெறுமையைத் தாண்டிப் பல சென்டிமீட்டர் தூரம் போய் எடுத்து வரும். கை எட்டாத பரணில் இருக்கும் பானையைக் கோல் வைத்து இழுப்பது போல என்று சொன்னேன். பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி, "கோலுக்குக் கூலி கொடுக்கணுமே சார்" என்றாள். கொடுக்கத்தான் வேண்டும்: செடி தயாரிக்கும் உணவில் 4 முதல் 20 சதவீதம் வரை பூஞ்சைக்குப் போவதாக மதிப்பிட்டிருக்கிறார்கள்.

இந்தக் கூட்டு மிகப் பழையது. ஸ்காட்லாந்தில் ரைனி என்ற ஊருக்கு அருகில் கிடைத்த, ஏறத்தாழ 40 கோடி ஆண்டுப் பழமையான புதைபடிவச் செடிகளின் செல்களுக்குள் இதே சிறுமரங்கள் கல்லாகக் கிடக்கின்றன. அந்தச் செடிகளில் சிலவற்றுக்கு உண்மையான வேர்கூடக் கிடையாது. வேருக்கு முன்பே வேர்ப்பூஞ்சை வந்துவிட்டது என்று சொன்னால் வகுப்பு நிமிர்ந்து உட்காரும்.

ஆனால் எல்லாச் செடிகளும் இந்தக் கூட்டில் சேர்வதில்லை. கடுகு, முட்டைக்கோசு, முள்ளங்கிக் குடும்பம் பொதுவாக இந்தப் பூஞ்சையை உள்ளே விடாது. பீட்ரூட்டும் அப்படியே. சேரும் செடிகளிலும் அளவு மாறும். மண்ணில் பாஸ்பேட் தாராளமாகக் கிடைத்தால் செடி கூட்டாளியைக் குறைத்துக்கொள்ளும். நீர் தேங்கிய நெல்வயலிலும் பொதுவாகக் குறைவுதான். ஆகவே ஒரு விவசாயி காசு கொடுத்து வேம் வாங்கிப் போட்டார் என்றால், 'பூஞ்சை வேருக்குள் போனதா, எவ்வளவு போனது?' என்ற கேள்விக்குப் பொட்டலத்தின் மேல் விடை இருக்காது. இலையைப் பார்த்தும் சொல்ல முடியாது. வேரைத்தான் பார்க்க வேண்டும்.

மையும் வினிகரும்

பார்ப்பதற்கு முதலில் வேரை ஒளிபுகும்படி வெளுக்க வேண்டும். பிறகு பூஞ்சைக்கு மட்டும் நிறமேற்ற வேண்டும். 1970இல் பிலிப்ஸ், ஹேமன் என்ற இருவர் வெளியிட்ட முறை நெடுங்காலம் எல்லா ஆய்வகங்களிலும் நடந்தது. அதில் பயன்படும் டிரிப்பான் நீலம் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று ஐயப்படும் பொருள். பள்ளிக்குள் அதைக் கொண்டுவரவே கூடாது. 1998இல் வியர்ஹைலிக் என்பவரும் அவரது குழுவினரும் எளிய மாற்று ஒன்றைக் காட்டினார்கள். பேனா மை, வினிகர், இவ்வளவுதான். 5 மி.லி. மையை 95 மி.லி. வெள்ளை வினிகரில் கலந்து, வெளுத்த வேரை அதில் மூன்று நிமிடம் கொதிக்க வைத்து, சில சொட்டு வினிகர் விட்ட தண்ணீரில் அலசி எடுத்தால் வேர் வெளிறியும் பூஞ்சை நிறத்தோடும் நிற்கும். எல்லா மையும் ஒட்டுவதில்லை. இரண்டு மூன்று வகை பேனா மைகளை வாங்கிச் சோதித்துக்கொள்வது நல்லது.

வெளுக்கும் படிக்கு 10 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலைச் சூடாக்க வேண்டும். அது தோலையும் கண்ணையும் அரிக்கும். மாணவர் கையில் இதைக் கொடுக்க வேண்டாம். மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆய்வகம் இருந்தால், கையுறையும் கண்ணாடியும் அணிந்து, நேரடித் தீயில் வைக்காமல் வெந்நீர்த் தொட்டியில் வைத்து ஆசிரியரே செய்து, நன்றாக அலசிய வேரை மட்டும் வகுப்புக்குக் கொண்டுவரலாம். அந்த வசதி இல்லாத நடுநிலைப் பள்ளியில் இந்தப் படியை விட்டுவிட்டுப் படங்களை வைத்தே மீதிப் பாடத்தை நடத்தலாம். பாடத்தின் சாரம் ரசாயனத்தில் இல்லை, பார்ப்பதில் இருக்கிறது.

நிறமேறிய வேரைப் பள்ளி நுண்ணோக்கியில் 100 மடங்கு உருப்பெருக்கத்தில் வைத்தாலே இழைகளும் வெசிக்கிள்களும் தெரியும். சிறுமரங்களைத் தெளிவாகக் காண 400 மடங்கு வேண்டும்.

ஒரே படம், நான்கு விடைகள்

பார்த்தாயிற்று. எவ்வளவு இருக்கிறது என்று எப்படிச் சொல்வது? 1980இல் ஜியோவன்னெட்டி, மாஸ் என்ற இரு பெண் விஞ்ஞானிகள் வெளியிட்ட ஒப்பீட்டு ஆய்வுக்குப் பிறகு பரவலான முறை இது: கட்டம் போட்ட வட்டத் தட்டில் வேர்த்துண்டுகளைப் பரப்பிவைத்து, கோட்டை வேர் வெட்டும் ஒவ்வோர் இடத்திலும் 'பூஞ்சை உண்டா, இல்லையா' என்று குறித்துக்கொண்டே போக வேண்டும். 100 வெட்டுப்புள்ளிகளில் 37இல் உண்டு என்றால் 37 சதவீதம். ஆறாம் வகுப்பு மாணவருக்கும் புரியும் கணக்குதான்.

வேர்களை வரைந்து, உள்ளே நீலப் பேனாவால் இழைகள் போட்டு, மேலே கட்டம் இழுத்து, நகலெடுத்து நான்கு குழுக்களுக்கும் ஒரே படத்தைக் கொடுத்தேன். வந்த விடைகள் 31, 38, 40, 46. யாரும் கவனக்குறைவாக எண்ணவில்லை. 31 சொன்ன குழு, இழை வேருக்குள் தெளிவாக இருந்தால் மட்டுமே கணக்கில் எடுத்தது. 46 சொன்ன குழு, வேரின் ஓரத்தில் உரசிக்கொண்டிருந்த இழையையும் சேர்த்துக்கொண்டது. இரு குழுக்களும் தங்கள் விடைதான் சரி என்று கரும்பலகை முன் வந்து வாதாடின. அந்த வாதம் நடந்த இருபது நிமிடமும் நான் பேசாமல் இருந்தேன். எதை 'உண்டு' என்று சொல்வது என்பதை எண்ணத் தொடங்குவதற்கு முன்பே முடிவுசெய்ய வேண்டும் என்ற இடத்துக்கு அவர்களே வந்துசேர்ந்தார்கள்.

ஆய்வகங்களிலும் இதே சிக்கல்தான். ஒருவர் எண்ணியதும் இன்னொருவர் எண்ணியதும் ஒத்துப்போவதில்லை. காலையில் எண்ணிய கண்ணும் மாலையில் எண்ணிய கண்ணும்கூட ஒன்றல்ல. ஒரு சோதனையில் நூற்றுக்கணக்கான வேர்மாதிரிகள் வரும். ஒவ்வொன்றிலும் நூறு வெட்டுப்புள்ளிகள். எண்ணி முடித்த பிறகு எந்த இடத்தை 'உண்டு' என்று குறித்தோம் என்பதற்கான சான்றும் மிஞ்சாது, எண் மட்டுமே மிஞ்சும். கணினியை இந்த வேலைக்குக் கொண்டுவர வேண்டும் என்ற எண்ணம் இங்கேதான் பிறந்தது.

சிறு சதுரங்களாக வெட்டிப் பார்த்தல்

இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் செயின்ஸ்பரி ஆய்வகத்தைச் சேர்ந்த எட்வார் எவாஞ்செலிஸ்டி, செபாஸ்டியன் ஷோர்நாக் ஆகியோரின் குழு 2021இல் 'நியூ ஃபைட்டாலஜிஸ்ட்' இதழில் ஏஎம்ஃபைண்டர் என்ற மென்பொருளை வெளியிட்டது. மையேற்றிய வேரை நுண்ணோக்கியில் படமெடுத்தும் தரலாம். அலுவலகங்களில் காகிதத்தை நகலெடுக்கும் தட்டை ஸ்கேனரில் எடுத்த படத்தையும் தரலாம். மென்பொருள் அந்தப் படத்தைச் சிறு சதுரங்களாக வெட்டிக்கொள்கிறது. முதல் கட்டத்தில் ஒவ்வொரு சதுரத்துக்கும் மூன்றில் ஒரு விடை: பூஞ்சை உள்ள வேர், பூஞ்சை இல்லாத வேர், இரண்டும் அல்லாத பின்னணி. காற்றுக்குமிழி, மண்துகள் எல்லாம் மூன்றாவதில் சேரும். இரண்டாம் கட்டத்தில், பூஞ்சை உள்ள சதுரங்களை மட்டும் எடுத்து, உள்ளே இருப்பது சிறுமரமா, வெசிக்கிளா, இழையா என்று பிரித்துச் சொல்கிறது. அவர்கள் சோதித்த செடிகளில் நெல்லும் ஒன்று.

இதில் எனக்குப் பிடித்தது வேகமல்ல. எந்தச் சதுரத்துக்கு என்ன விடை சொன்னது, எவ்வளவு உறுதியோடு சொன்னது என்பதை மென்பொருள் திரையில் காட்டுகிறது; தவறென்று தெரிந்தால் ஆய்வாளர் திருத்தலாம். கூட்டல் கணக்கில் விடையை மட்டும் எழுதும் மாணவருக்கும் படிநிலைகளை எழுதும் மாணவருக்கும் உள்ள வேறுபாடு இது.

கணினி சதுரத்துக்குள் எதைப் பார்க்கிறது? அது பார்ப்பது எண்களை. படம் என்பது அதற்கு எண்கள் நிரம்பிய கட்டம். இதைக் கரும்பலகையில் செய்துகாட்டலாம். மூன்று வரிசை, ஐந்து நிரல் கொண்ட கட்டம் போட்டு, ஒவ்வொரு வரிசையிலும் 1, 1, 1, 8, 8 என்று எழுதுங்கள். 1 வெளிறிய இடம், 8 நீலமேறிய இடம். இப்போது 3×3 அளவில் ஒரு சிறு சன்னலை அட்டையில் வெட்டிக்கொள்ளுங்கள். அதன் இடது நிரலில் −1, நடு நிரலில் 0, வலது நிரலில் +1. சன்னலைக் கட்டத்தின் மேல் வைத்து, அடியில் தெரியும் எண்ணோடு பெருக்கி, ஒன்பதையும் கூட்ட வேண்டும். இடது ஓரத்தில் வைத்தால் விடை 0. ஒரு நிரல் நகர்த்தினால் 21. இன்னொரு நிரல் நகர்த்தினாலும் 21. நிறம் மாறாத இடத்தில் சுழியம், மாறும் இடத்தில் பெரிய எண்: சன்னல் ஓர் ஓரத்தைக் கண்டுபிடித்துவிட்டது! குறை எண்களைப் பெருக்கத் தெரிந்த ஏழாம் வகுப்பு மாணவர் இதைத் தானே செய்துவிடுவார். 'கன்வலூஷன்' என்ற பெரிய பெயரின் அடியில் இருப்பது இந்த நகரும் சன்னல்தான்.

ஆனால் உண்மையான மென்பொருளில் −1, 0, +1 என்று யாரும் எழுதித் தருவதில்லை. இப்படிப் பல சன்னல்கள், ஒன்றன் விடைமேல் இன்னொன்றாக அடுக்கடுக்காக இருக்கும். தொடக்கத்தில் அவற்றில் இருப்பது ஏதோ எண்கள். மனிதர் 'பூஞ்சை உண்டு', 'இல்லை' என்று முன்பே குறித்துவைத்த ஆயிரக்கணக்கான சதுரங்களைக் காட்டுவார்கள். கணினி ஒரு விடை சொல்லும். குறித்ததோடு ஒப்பிட்டு, தவறு குறையும் திசையில் எண்களைச் சிறிதளவு மாற்றும். மறுபடி, மறுபடி. கடைசியில் இதுவரை காட்டாத சதுரங்களைக் கொடுத்துத் தேர்வு வைப்பார்கள். பயிற்சிக்குக் கொடுத்த அதே கணக்கைத் தேர்விலும் கொடுத்தால் என்ன ஆகும் என்று நமக்கா தெரியாது!

தாளின் நிறத்தைப் படித்த குழு

இந்தப் பகுதியை விளக்கிச் சொல்வதைவிட விளையாடிக் காட்டுவது நல்லது. 60 சிறு அட்டைகளில் வேர்ச்சதுரங்களை வரைந்துகொண்டேன். பாதியில் பூஞ்சை இழை உண்டு, பாதியில் இல்லை. நான்கு மாணவர்களை 'கணினி' ஆக்கினேன். பூஞ்சை என்ற சொல்லையே அவர்களிடம் சொல்லவில்லை. 30 அட்டைகளைப் பின்புறம் 'அ', 'ஆ' என்று குறித்துக் கொடுத்து, எது அ, எது ஆ என்று கண்டுபிடியுங்கள் என்றேன். மீதி 30 அட்டைகள் தேர்வுக்கு.

இதில் ஒரு சூழ்ச்சி செய்திருந்தேன். பயிற்சி அட்டைகளில் பூஞ்சை உள்ளவை எல்லாம் வெளிர்மஞ்சள் தாளிலும், இல்லாதவை வெள்ளைத் தாளிலும் இருந்தன. தேர்வு அட்டைகளில் நிறத்தை மாற்றிவிட்டேன். 'கணினி' பயிற்சியில் ஒரு தவறும் செய்யவில்லை. தேர்வில் ஏறத்தாழ எல்லாமே தவறு. நால்வரும் திகைத்தார்கள். பார்த்துக்கொண்டிருந்த மற்றவர்கள் முதலில் சிரித்தார்கள், பிறகு ஒருவன் சொன்னான்: "அவங்க சரியாத்தான் படிச்சாங்க சார். நீங்க தப்பா சொல்லிக்கொடுத்தீங்க."

அந்த ஒரு வாக்கியத்துக்காக எத்தனை பாடவேளை வேண்டுமானாலும் கொடுக்கலாம். கணினி நாம் கொடுத்ததைக் கற்கிறது. நாம் மனத்தில் நினைத்ததை அல்ல. ஆய்வகத்திலும் இது நடக்கக்கூடியதே. வேம் இட்ட செடிகளின் வேரை ஒரு நாளும் இடாத செடிகளின் வேரை இன்னொரு நாளும் மையேற்றினால், மையின் அடர்த்தி வேறாக இருக்கும். கணினி பூஞ்சையை விட்டுவிட்டு மையின் அடர்த்தியைப் படித்துக்கொள்ளலாம். அதனால்தான் வெவ்வேறு நாள், வெவ்வேறு செடி, வெவ்வேறு கருவி என்று கலந்து பயிற்சி தருகிறார்கள். அட்டைகளை வெட்டி வரைய எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆனது. ஓவிய ஆர்வமுள்ள மாணவர்களிடம் விட்டால் இன்னும் விரைவில் முடியும். ஆனால் நிறச்சூழ்ச்சி அவர்களுக்குத் தெரிந்துவிடக் கூடாது.

கணித ஆசிரியர்களுக்கு இங்கே ஒரு விருந்து காத்திருக்கிறது. 200 சதுரங்களில் 180இல் பூஞ்சை இல்லை, 20இல் உண்டு என்று வைத்துக்கொள்வோம். எதையுமே பார்க்காமல் எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று சொல்லும் சோம்பேறிக் கணினி 90 சதவீத மதிப்பெண் வாங்கிவிடும்! இன்னொரு கணினி 25 சதுரங்களில் 'உண்டு' என்கிறது. அவற்றில் 15 சரி. மொத்தத்தில் 185 விடைகள் சரி, ஆகவே 92.5 சதவீதம். சோம்பேறியைவிட இரண்டரை சதவீதம்தான் கூடுதல். ஆனால் உண்மையில் இருந்த 20இல் 15ஐ, அதாவது 75 சதவீதத்தை, அது கண்டுபிடித்திருக்கிறது. சோம்பேறி கண்டுபிடித்தது சுழியம். அது 'உண்டு' என்று சொன்ன 25இல் 60 சதவீதம் உண்மை. '92 சதவீதத் துல்லியம்' என்று இனி எந்த விளம்பரத்தைப் பார்த்தாலும், எதில் 92 என்று ஒன்பதாம் வகுப்பு மாணவர் கேட்க இந்த ஒரு கணக்கு போதும். சதவீதப் பாடத்தில் லாப நட்டத்துக்குக் கொடுக்கும் இடத்தில் கொஞ்சம் இதற்கும் கொடுக்கலாம் என்பது என் கருத்து.

படத்தில் இல்லாதது

கணினி சரியாகவே எண்ணினாலும் அதன் விடை எல்லாக் கேள்விக்கும் விடையல்ல. சாதாரண மை, உயிரோடு இருக்கும் பூஞ்சைக்கும் இறந்ததற்கும் வேறுபாடு பார்க்காமல் ஒட்டும். பூஞ்சை எந்த இனம் என்பதைப் பெரும்பாலும் படத்தை வைத்து முடிவுசெய்ய முடியாது. 60 சதவீத வேரில் பூஞ்சை இருக்கும் செடி, 30 சதவீதம் உள்ள செடியைவிட இரு மடங்கு பயனடைந்தது என்றும் பொருளில்லை. எட்டாம் வகுப்பில் இந்தக் கடைசிக் கருத்தைச் சொன்னபோது ஒரு மாணவன், வீட்டில் பத்து பேர் இருந்தால் பத்து பேரும் வேலை செய்கிறார்களா என்று கேட்டான். நான் மேற்கொண்டு விளக்கவில்லை.

மையேற்ற வேண்டுமென்றால் செடியைப் பிடுங்க வேண்டும். அந்தச் செடியின் கதை அத்தோடு முடிந்தது. இதைத் தாண்டவும் கேம்பிரிட்ஜில் ஒரு வழி கண்டார்கள். பீட்ரூட்டின் சிவப்பு நிறமியான பீட்டாலைனைச் செடி தானே உண்டாக்கும்படி மரபணுக்களைச் சேர்த்து, பூஞ்சை புகுந்த செல்களில் மட்டும் அந்த நிறம் தோன்றும்படி செய்தார்கள். மைக்கோரெட் என்று பெயர், 2021இல் வெளியானது. பூஞ்சை பரவப் பரவ உயிருள்ள வேர் சிவந்துகொண்டே போவதை நாள்தோறும் பார்க்கலாம். இந்தப் பூஞ்சையைத் தன் வேருக்குள் விடாத பீட்ரூட்டின் நிறத்தால் அந்தப் பூஞ்சையே தெரியவருகிறது என்பதில் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி.

வகுப்பறைக்கு

தொடக்கநிலை ஆசிரியர்களுக்கு நுண்ணோக்கியும் வேண்டாம், சன்னல் கணக்கும் வேண்டாம். பல செடிகளின் வேர்களை அலசித் தட்டில் வைத்து, குழந்தைகளையே இரண்டு குவியலாகப் பிரிக்கச் சொல்லுங்கள். எப்படிப் பிரித்தாய் என்று பிறகு கேளுங்கள். ஒரு குழந்தை ஆணிவேர், சல்லிவேர் என்று பிரிக்கும். இன்னொன்று நீளம், குட்டை என்று பிரிக்கும். ஒன்று 'எங்க தோட்டத்துது, உங்க தோட்டத்துது' என்று பிரிக்கும். மூன்றும் வகைப்படுத்தல்தான். விதியைச் சொல்லாமல் ஒரு குழந்தை பிரித்த குவியலைப் பார்த்து அடுத்த குழந்தை விதியைக் கண்டுபிடிக்கட்டும். மேலே சொன்ன அட்டை விளையாட்டின் வேர் இதுதான்.

ஆறு முதல் எட்டு வரை கட்ட எண்ணிக்கையும் சன்னல் கணக்கும் போதும். ஒன்பது, பத்தில் அட்டை விளையாட்டையும் சதவீதக் கணக்கையும் சேர்க்கலாம். உயர்தொழில்நுட்ப ஆய்வகம் உள்ள பள்ளிகளில், நுண்ணோக்கியின் கண்ணருகு லென்சில் கைபேசியை வைத்து எடுத்த படத்தைக் கணினியில் பெரிதாக்கி, புள்ளிகள் சதுரம் சதுரமாகத் தெரியும்வரை கொண்டுபோய்க் காட்டினால், படம் என்பது எண்களின் கட்டம் என்பதை நம்பவைக்க வேறு விளக்கம் தேவைப்படாது.

மேல்நிலையில் உண்மையான வேரைப் பார்க்க விரும்புவோர், சோளமும் கடுகும் ஒரே தோட்டத்து மண் நிரப்பிய தொட்டிகளில் ஒரே நாளில் விதைக்கலாம். ரசாயன உரம் அதிகம் விழாத மண்ணாக இருக்கட்டும். பாஸ்பேட் உரம் எதுவும் இடாமல் ஆறு முதல் எட்டு வாரம் வளர்த்து, மெல்லிய பக்கவேர்களை மட்டும் கத்தரித்து எடுங்கள். தடித்த வேரில் தேடிப் பயனில்லை. சோளத்தின் வேரில் நீல இழைகளைத் தேடும் மாணவருக்குக் கடுகின் வேர் ஒப்பீட்டுக்கு உதவும். இரண்டையும் ஒரே கரைசலில், ஒரே நாளில் மையேற்ற வேண்டும். காரணத்தை நீங்கள் சொல்ல வேண்டியதில்லை; மஞ்சள் அட்டையை நினைவில் வைத்திருக்கும் மாணவர் யாராவது சொல்லிவிடுவார். பெயர்ச்சீட்டை வெளியே ஒட்டினால் தண்ணீரில் மை கரையும். பென்சிலால் எழுதிய சிறு தாள்துண்டைக் குப்பிக்குள்ளேயே போட்டுவையுங்கள்.